டார்ச்சக்கா பெட்டியைத் திறக்கச் சொன்னாள்

நான்காவது திருகாணி இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆலயத்தில் மணியடிப்பவர் சவப்பெட்டியின் மேல் பாதி படுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி திருப்புளியைத் திருகிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டார்ச்சக்காவுக்குக் கை பரபரத்தது. கோணலாகப் பிடிக்கிறார், இப்படிப் பிடித்தால் தலை மழுங்கிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் படுத்திருந்த அவள் புருஷனுக்கும் தெரியும். உயிரோடு இருந்திருந்தால், "கொஞ்சம் நகருங்க சார்" என்று எழுந்து வந்து, தன் பெட்டிக்குத் தானே திருகாணி போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

"விடுங்க, மூணு ஸ்க்ரூ போதும்," என்றாள். "அவரு ஒண்ணும் எழுந்து ஓடிடப் போறதில்ல."

பக்கத்திலிருந்த நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "அண்ணி, ஆலயத்துக்குள்ள என்ன பேச்சு இது?"

டார்ச்சக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓடாமல் ஓர் இடத்தில் அவர் இருப்பதை அவள் பார்ப்பதே இதுதான் முதல் தடவை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் பூட்டுக்காரர். பூட்டிய கதவின் முன்னால் அவர் மண்டி போட்டு உட்காருவார், அவள் அவர் தோளுக்கு மேலாகச் சாவித் துவாரத்தில் வெளிச்சம் அடிப்பாள். அதனால் அவள் டார்ச்சக்கா. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள், குளியலறையில் மாட்டிக்கொண்ட பெரியவர்கள், கோபித்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்ட பிள்ளைகளின் பெற்றோர், இவர்கள் எல்லோருக்கும் சொந்தப் பிள்ளையின் போன் நம்பர் மறந்தாலும் அவர் நம்பர் மறக்காது. சோற்றில் கை வைத்தால் போன் வரும். ஞாயிறு ஆராதனையில் அவர் உட்காருவது கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. போதகரின் பிரசங்கம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து அவர் சட்டைப்பை அதிரும். எழுந்து போய்விடுவார். பின்னாலேயே டார்ச்சும் போகும்.

"ஒரு ஞாயித்துக்கிழமையாவது கடைசி ஆசீர்வாதம் வாங்கிட்டு வீட்டுக்குப் போலாம்ல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஆண்டவர் வாசல்ல நின்னு தட்டுறாருன்னு ஐயா சொல்றாரா இல்லையா?"

"சொல்றாரு."

"வீட்டுக்காரன் சாவியைத் தொலைச்சிட்டான்னா, அவரும் சேர்ந்து வெளியவே நிக்கணும். பாவம்ல? டார்ச்சை எடு."

இப்படிப்பட்ட மனுஷனிடம் யாரால் வாதாட முடியும்? இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கை நடுங்கத் தொடங்கியது. பூட்டைத் திறக்கும் கம்பி அவள் கைக்கு வந்தது, டார்ச் அவர் கைக்குப் போனது. அவர் சொல்லச் சொல்ல அவள் திறப்பாள். கதவு திறந்ததும் கூட்டம் அவர் முதுகைத் தட்டும். "நான் இல்லப்பா, இவதான்," என்பார். தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கு எரிச்சல் வரும். பேர் கிடைக்கவில்லை என்று இல்லை. வீட்டில் குழம்பு ஆறிப் போகும்.

நேற்றும் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு செருப்பில் காலை நுழைத்தவர், சுவரில் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து வீடு நிரம்பியது. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கதவுக் கதை இருந்தது. "அன்னைக்கு அண்ணன் மட்டும் வரலைன்னா…" என்று ஆரம்பித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் தலையாட்டினாள், தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி இழுத்துப் போட்டாள். புருஷன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து முகத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு பொழுது வாய்க்கவில்லை. செத்த பிறகும் இவர் ஊர்ச்சொத்துதானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தாள். எல்லோரும் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில், அவருடைய தோல் பையைக் கொண்டுவந்து அவர் வலது கைக்கு அடியில் செருகி, வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள். கம்பிகள், சின்ன ஊக்குகள், தட்டைத் தகடுகள் எல்லாம் அதற்குள். மகனிடம்கூடச் சொல்லவில்லை. பை வீட்டில் இருந்தால் நாளைக்கே எவனாவது வந்து, "அக்கா, உங்களுக்கும் கொஞ்சம் தெரியுமாமே" என்று வாசலில் நிற்பான். போதும். பை அவரோடு போகட்டும். கதவுகளும் அவரோடு போகட்டும்.

மணியடிப்பவர் நான்காவது திருகாணியைப் பாதியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. போதகர் கையசைக்க, ஆறு பேர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

அப்போதுதான் வெளியிலிருந்து அந்த அலறல் கேட்டது.

மூலை வீட்டுப் பெண் செருப்பில்லாமல் ஆலயத்துக்குள் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பதையே பார்க்காமல் நடுவழியில் பாதி தூரம் வந்துவிட்டு, "பூட்டுக்காரண்ணே! பூட்டுக்காரண்ணன் எங்க? சீக்கிரம் வரச் சொல்லுங்க!" என்று கத்தினாள்.

எல்லோர் கண்ணும் பெட்டிக்குப் போனது. அவள் கண்ணும் போனது. யாரைக் கூப்பிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நான் இப்ப யாரைக் கூப்பிடுவேன்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போதகர் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்தார். "என்னம்மா ஆச்சு? மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

"குழந்தை உள்ள, ஐயா. அடுப்புல பால். அண்ணனைத் தூக்கறப்போ ஒரு தடவை பாத்துடலாம்னு வாசல்ல வந்து நின்னேன். காத்துல கதவு அடிச்சுக்கிச்சு. சாவி உள்ள மாட்டிக்கிச்சு. அவரு வேலையில இருக்காரு, போனை எடுக்கல…"

பெட்டியைத் தூக்க வந்த ஆறு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். பாதி ஆலயம் அவர்களோடு ஓடியது. மூலை வீடு என்றால் ஆலயச் சுற்றுச்சுவரை ஒட்டிய வீடுதான். கதவில் தோளால் மோதும் சத்தம் உள்ளே வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அசைய மாட்டேங்குதும்மா. இரும்புக் கதவு. ஜன்னல் பூரா கம்பி. சமையல்கட்டுல இருந்து புகை வருது. தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சாம், ஆனா பாலத்துல நெரிசல்."

"அது உடையாது," என்றாள் டார்ச்சக்கா. "அந்தப் பூட்டு உங்கப்பா போட்டது."

சொன்ன பிறகுதான் தன் குரலில் பெருமை இருப்பது அவளுக்கே கேட்டது. மூலை வீட்டுக்காரனுக்குத் திருட்டுப் பயம். யானை வந்தாலும் திறக்கக் கூடாது என்று கேட்டு வாங்கிப் போட்ட பூட்டு அது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும்.

"உனக்கும் கொஞ்சம் தெரியும்ல? நீதானே அப்பாவுக்கு… பை எங்கம்மா? வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்."

அவள் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"அம்மா! பை எங்க?"

"உள்ள."

"எந்த உள்ள? பீரோவுக்குள்ளயா?"

டார்ச்சக்கா விரலை நீட்டினாள். மகன் அந்த விரல் காட்டிய பக்கம் திரும்பி, பெட்டியைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தான். பாதிக் கண்ணீரும் பாதிச் சிரிப்புமாக அவன் முகம் கோணிக்கொண்டது.

"எதுக்கும்மா அங்க வச்சே?"

"எல்லாம் உங்கப்பாவோட முடியட்டும்னு வச்சேன். போதுமா?"

நாத்தனார் எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "வேணாம் அண்ணி. ஜெபம் பண்ணி மூடினது. மூடின பெட்டியைத் திறக்கறது முறையே இல்ல. ஐயா, நீங்களாவது சொல்லுங்க. செத்தவங்களுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

போதகர் பெட்டியைப் பார்த்தார். வெளியே யாரோ கதவைக் கடப்பாரையால் அடிக்கும் சத்தம் கேட்டது. அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

"நான் இந்த ஆலயத்துக்கு வந்த நாள்ல இருந்து இந்த மனுஷன் ஒரு பிரசங்கத்தையும் முழுசாக் கேட்டதில்ல," என்றார். "எனக்கு வருத்தம்கூட உண்டு. இன்னைக்குத்தான் முழுசா உட்கார்ந்தாரு. இன்னைக்கும் கூப்பிடுறாங்க. நான் யாரும்மா தடுக்கறதுக்கு?"

நாத்தனார் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு அதன் மேலிருந்த மாலைகளை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துத் தரையில் வைத்தாள். "சீக்கிரம் திறங்க, பாத்துக்கிட்டு நிக்கறீங்க!" என்று மணியடிப்பவர் மேல் எரிந்து விழுந்தாள்.

மணியடிப்பவர் குனிந்தார். முதல் திருகாணிக்கே தடுமாறினார். "குடுங்க இப்படி," என்று டார்ச்சக்கா திருப்புளியைப் பிடுங்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகாணிகள் தரையில் விழுந்து உருண்டன. பாதியில் நின்ற நான்காவது அவளுக்காகவே காத்திருந்ததுபோல் சட்டென்று வந்தது. மகனும் போதகரும் மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள்.

அவர் எப்போதும்போல்தான் இருந்தார், கொஞ்சம் சவரம் அதிகமாகச் செய்த முகத்தோடு. பார்க்க நேரமில்லை. துணியை விலக்கி, குளிர்ந்து விறைத்திருந்த அந்தக் கையின் அடியிலிருந்து பையை இழுத்தாள். வரவில்லை. கை அழுத்திக்கொண்டிருந்தது.

"குடுங்க," என்றாள் அவரிடம். "நான் பாத்துக்கறேன், குடுங்க."

பை வந்தது.

வெள்ளைப் புடவையும் வெறுங்காலுமாக அவள் ஆலயப் படிகளில் இறங்கி ஓடினாள். மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் என்று யார் சத்தியம் செய்தாலும் பார்த்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். "வழி விடுங்க! டார்ச்சக்கா வராங்க!" என்று எவனோ கத்தினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜன்னல் கம்பிகளுக்கிடையே புகை கருப்பாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

கதவு முன்னால் மண்டி போட்டாள். கை பைக்குள் போனதும் தானாகவே சரியான கம்பியைத் தொட்டது. தோளுக்குப் பின்னால் வெளிச்சம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். வரவில்லை. யார் அடிப்பார்கள்?

"டேய், போன்ல லைட் போடு! தோளுக்கு மேல காட்டு. என் முடியில காட்டாதே, ஓட்டையில காட்டு!"

மகன் குனிந்து காட்டினான். வெளிச்சம் அங்கும் இங்கும் ஆடியது. கம்பியை உள்ளே விட்டாள். பூட்டுக்குள் வரிசையாக நிற்கும் சின்னப் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டும், ஒன்று நழுவினால் எல்லாம் விழும். அவர் இருந்தபோது காதருகில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. இப்போது காதருகில் மகனுடைய மூச்சு மட்டும்தான் இருந்தது. முதல் தடவை எல்லாம் விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. கூட்டத்தில் யாரோ ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள். மூலை வீட்டுப் பெண் கதவில் நெற்றியை வைத்து, "கண்ணு, அம்மா இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டார்ச்சக்கா அவர் சொல்வதுபோலத் தானே பேசத் தொடங்கினாள். "லேசா. இன்னும் லேசா. மொதல் பின்னைக் கண்டுக்காதே, அது எப்பவும் பொய் சொல்லும். ரெண்டாவதுக்குப் போ. அவசரப்பட்டா அது முறைச்சுக்கும்."

"யார்கிட்டம்மா பேசறே?"

"உங்கப்பாகிட்ட. லைட்டை ஆட்டாதே!"

இரண்டு நின்றது. மூன்று நின்றது. நான்கும் நின்றது. ஐந்தாவது கல்மாதிரி இருந்தது. யானை வந்தாலும் திறக்கக் கூடாது என்றவனுக்காக வேண்டுமென்றே இறுக்கமாக வைத்த பின் அது. வியர்வை கண்ணில் இறங்கியது. அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷன் மேல், இந்தப் பூட்டின் மேல், பாலத்தில் நிற்கும் வண்டிகள் மேல். பூட்டைத் தொடும் முன் அவர் ஒரு வரி முணுமுணுப்பார், எல்லாக் கதவிலும் அதே வரி. அது அவர் வேலை என்று அவள் இத்தனை நாள் விட்டிருந்தாள். இப்போது அது அவள் வாயில் வந்தது, ஜெபம்போல் இல்லை, சண்டைபோல் வந்தது.

"ஆண்டவரே, உள்ள நீ இரு. வெளிய…" கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "வெளிய நான் இருக்கேன்."

கம்பியை ஒரு நூல் அளவு பின்னுக்கு இழுத்து, மறுபடி தூக்கினாள். விரல் நுனிக்கு மட்டும் கேட்கும் ஒரு சத்தம். பூட்டு சுழன்றது.

கதவு திறந்ததும் புகை அவள் முகத்தில் அறைந்தது. மூலை வீட்டுப் பெண் அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே இரண்டு பேர் சமையல்கட்டுக்கு ஓடினார்கள். அடுப்பை அணைக்கும் சத்தம், பாத்திரம் தண்ணீரில் சீறும் சத்தம், யாரோ இருமும் சத்தம். பிறகு அந்தப் பெண் அழுகையும் சிரிப்பும் கலந்து கத்தினாள். "இங்க பாருங்க! இங்க பாருங்க இவனை!"

குழந்தை சாப்பாட்டு மேசைக்கு அடியில், புகை எட்டாத தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியாக வாயில் வைத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இத்தனை பேர் கடப்பாரையோடு அல்லாடியதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. அம்மா வாரி அணைத்ததும்தான், என்னமோ நடந்திருக்கிறது போல என்று வீரிட்டு அழ ஆரம்பித்தான்.

தெரு ஆரவாரத்தில் வெடித்தது. சவ ஊர்வலத்துக்கு வந்தவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கருப்புக் கோட்டுப் பெரியவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். நாத்தனார் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்தாள். குழந்தை கை மாறி மாறிப் போனான். சாவிக்கொத்தைப் பிடுங்க யாராலும் முடியவில்லை. போதகர் வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தீயணைப்பு வண்டி சைரன் அலற வந்து நின்றபோது, "வாங்க வாங்க, பால் காய்ஞ்சிடுச்சு!" என்று யாரோ வரவேற்றார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புகை பார்த்ததைச் சிலர் சொன்னார்கள், கதவில் மோதிய தோளைச் சிலர் காட்டினார்கள்.

மகன் மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா சொல்றப்ப எல்லாம் தமாஷ்னு நெனச்சேன்," என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில், முதல் கதவு திறந்த அன்றைக்கு இப்படித்தான் அடித்தது. சந்தோஷமாக இருந்தது. இன்றைக்குப் போய்ச் சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

யாரோ மகனைத் தோளில் தட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டார்ச்சக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தின் ஓரமாகவே நடந்தாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலயத்தில் ஒருவரும் இல்லை. பாட்டுப் புத்தகங்கள் திறந்தபடி இருக்கைகளில் கிடந்தன. யாருடைய செருப்போ நடுவழியில் ஒற்றையாகக் கிடந்தது. மூடாத பெட்டியில் அவர் தனியாகப் படுத்திருந்தார். மேலே சுற்றும் மின்விசிறியில் அவர் முன்தலை முடி லேசாக அசைந்தது. அவள் சுவரோரம் இருந்த ஒரு நாற்காலியை இழுத்துவந்து, அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். பை மடியில் இருந்தது.

"திறந்துடுச்சுங்க," என்றாள்.

விரலில் ஒட்டியிருந்த கரியைப் புடவையில் துடைத்துவிட்டு, அவர் நெற்றி முடியை ஒதுக்கினாள். துணியைச் சரியாக இழுத்துவிட்டாள். பிறகு சாவகாசமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "அஞ்சாவது பின்னை அப்படி இறுக்கி வைக்கச் சொன்னது யாரு? உயிரே போயிடுச்சு எனக்கு. உங்க பிள்ளைக்கு லைட் பிடிக்கக்கூடத் தெரியல, வெளிச்சத்தை என் காதுல அடிக்கறான். கேளுங்க, இன்னொண்ணு. அந்தப் பொடியன் கையில என்ன இருந்துச்சுன்னு நெனக்கறீங்க?"

சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அதை அடக்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்க ஆள் யாரும் இல்லை. தூரத்தில் தெருச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அவர் தங்கை மல்லுக்கு நின்றதை, போதகர் சொன்னதை, கருப்புக் கோட்டுக்காரர் தொப்பியைத் தூக்கி எறிந்ததை.

வாசலில் நிழல் தெரிந்தது. மணியடிப்பவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரும், மகனும், போதகரும் நின்றார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லத்தான் வந்திருப்பார்கள். டார்ச்சக்கா திரும்பவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. பின்பக்கமாக ஒரு கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினாள்.

மணியடிப்பவர் பின்னால் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். பிறகு ஆலயத்தின் இரண்டு பெரிய கதவுகளையும், கீல் சத்தம் போடாமல் மெதுவாக இழுத்துச் சாத்தினார்.

உள்ளே அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.